நாய்க்கும் பூனைக்கும் பத்தியம் கிராம் கணக்கில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் சிலர் சேர்ந்து இக்கடிதத்தை எழுதுகிறோம். எங்கள் துறையினரிடமும் பிராணி வளர்ப்பவர்களிடமும் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. மருந்துச் சீட்டில் மாத்திரை எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, எத்தனை நாள் என்றெல்லாம் எழுதப்படுகிறது. சாப்பாட்டுக்கு மட்டும் 'லேசான ஆகாரம்' என்ற ஒரு வரியோடு சரி. சிறுநீரகக் கோளாறு, மூத்திரக் கல், உடல் பருமன், கணைய அழற்சி, சர்க்கரை நோய், உணவு ஒவ்வாமை போன்றவற்றில் வைத்தியத்தின் பெரும்பகுதி சாப்பாடுதான். ஆகவே எந்த உணவு, எத்தனை கிராம், எத்தனை வேளை, எத்தனை வாரம் என்பதையும் அதே சீட்டில், தமிழில், நம் சந்தையில் கிடைக்கும் பொருள்களின் பெயரிலேயே எழுத வேண்டும். எழுதாத மருத்துவரிடம் வளர்ப்பவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

எல்லா நோய்க்கும் பொதுவான பத்தியம் என்று ஒன்று கிடையாது. அவித்த முட்டையை எடுத்துக்கொள்வோம். மெலிந்துபோன நாய்க்கு முழு முட்டை நல்லது. சிறுநீரகம் கெட்ட நாய்க்கு மஞ்சள் கருவிலுள்ள பாஸ்பரஸ் கேடு, வெள்ளைக் கரு நல்லது. கணைய அழற்சி கண்ட நாய்க்கு மஞ்சள் கருவின் கொழுப்பு ஆகாது. முட்டையால் ஒவ்வாமை வரும் நாய்க்கு இரண்டுமே கூடாது. வாட்ஸ்அப்பில் வலம் வரும் 'நாய்க்கான சிறந்த உணவு' பட்டியல்கள் எந்த நோய்க்கு என்று சொல்வதில்லை. அவற்றை நம்பிப் பின்பற்றுவதால்தான் பல பிராணிகள் நோய் முற்றிய பிறகு வந்து சேர்கின்றன.

முதலில் பூனை. கடலோர மாவட்டமாகிய நமக்கு இது முக்கியமான விஷயம். குளச்சல் முதல் சின்னமுட்டம் வரை வீட்டுப் பூனைக்கு மீன்தான் சோறு. மீன் தலை, குடல், விலை போகாத சாளை, நெத்திலி எல்லாம் பச்சையாகவே போடப்படுகின்றன. சாளை, நெத்திலி வகை மீன்களின் உடலில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது உணவிலுள்ள பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். சில வாரம் பச்சை மீனையே தின்னும் பூனை முதலில் சாப்பாட்டை ஒதுக்கும், எச்சில் ஒழுக்கும். பிறகு தலையைத் தூக்க முடியாமல் தாடை நெஞ்சில் படும்படி கழுத்து தொங்கும், கண்மணி விரியும், நடை தள்ளாடும், கடைசியில் வலிப்பு வரும். விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகும் முன், என்ன தின்றது என்று யோசித்துப் பாருங்கள். ஆரம்பத்தில் பி1 ஊசி போட்டால் பெரும்பாலும் தேறிவிடும். தடுப்பது அதைவிட எளிது: மீனை நன்றாகக் கொதிக்கவைத்தால் அந்த நொதி செத்துவிடும்.

வேகவைத்தாலும் வெறும் மீன் மட்டும் போதாது. சூரை, சாளை போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்களையே நாள்தோறும் தின்றால், அந்தக் கொழுப்பைக் காக்கத் தேவையான ஈ வைட்டமின் உடம்பில் தீர்ந்துபோகும். தோலுக்கடியிலும் வயிற்றிலும் உள்ள கொழுப்பு மஞ்சளாகிக் கட்டி கட்டியாக அழற்சி காணும். தொட்டாலே பூனை கத்தும், காய்ச்சல் இருக்கும், குதிக்காது. வாரத்தில் இரண்டு நாள் மீன், மற்ற நாள் கோழி என்று மாற்றிப் போடுவது நல்லது.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மீன் வாடை வேண்டாம் என்று பூனைக்குப் பால்சோறும் தயிர்சோறும் வைக்கும் வீடுகள் இருக்கின்றன. நாய் செய்துகொள்வது போல் பூனை தனக்கு வேண்டிய டாரின் என்ற அமினோ அமிலத்தைப் போதிய அளவில் உடம்பிலேயே செய்துகொள்ளாது. காய்கறியின் கரோட்டினை ஏ வைட்டமினாக மாற்றவும் அதற்குத் தெரியாது. டாரின் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை மெலிந்து இதயம் வீங்கும். இதய நோய்க்கும் டாரினுக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்ட பிறகுதான், கடையில் விற்கும் பூனை உணவில் டாரின் அளவு கூட்டப்பட்டது. டாரின் தண்ணீரில் கரையும். ஆகவே கோழியை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியிலும் இதயத்திலும் டாரின் அதிகம். ஈரலைத் தினமும் கொடுக்காதீர்கள். ஏ வைட்டமின் மிஞ்சினால் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும்.

நோயில்லாத 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி போதும். எலும்பும் தோலும் நீக்கி வேகவைத்த தொடைக்கறி 100 முதல் 110 கிராமில் அது கிடைத்துவிடும். இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அந்தக் குறையை நிரப்ப, கழுவிக் காயவைத்து மிக்சியில் மாவாக அரைத்த முட்டை ஓட்டுப் பொடியைக் கால் டீஸ்பூனில் பாதி சேர்க்க வேண்டும். டாரினும் வைட்டமின்களும் மருத்துவர் சொல்லும் அளவில். இவ்வளவும் செய்ய முடியாத வீட்டில், பாதி உணவாவது 'முழுமையான, சமச்சீர் உணவு' என்று அச்சிட்ட பாக்கெட்டாக இருக்கட்டும்.

அடுத்தது மூத்திர அடைப்பு. ஆண் பூனை மணல் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கும், சொட்டுச் சொட்டாக வரும் அல்லது வரவே வராது, குறியை நக்கிக்கொண்டே இருக்கும். பலர் இதை மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் புகட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். மூத்திரம் முழுதாக அடைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஒன்றிரண்டு நாளில் இதயம் நின்றுவிடும். அந்த நேரத்தில் உணவைப் பற்றிப் பேச்சே இல்லை. இரவானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வாழைத்தண்டுச் சாறு கொடுக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. குழாயில் சிக்கியிருக்கும் சளியும் படிகமும் சேர்ந்த அடைப்பை அது அகற்றாது. வாயைப் பிளந்து ஊற்றும் சாறு நுரையீரலுக்குள் போனால் இன்னொரு நோயும் சேரும். எல்லாவற்றையும்விட, உயிர் காக்க வேண்டிய நேரம் வீணாகும்.

அடைப்பு எடுத்த பிறகுதான் உணவு வைத்தியம் தொடங்குகிறது. கல்லில் இரண்டு முக்கிய வகை. ஸ்ட்ரூவைட் என்பது மெக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. மூத்திரம் காரத் தன்மையாக இருக்கும்போது உருவாகும். அதற்கென்றே செய்த உணவை மட்டும் கொடுத்தால் பூனைகளில் பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். நாய்களில் இந்தக் கல் பெரும்பாலும் கிருமித் தொற்றோடு வருவதால், கல் கரையும் வரை ஆன்டிபயாட்டிக்கும் வேண்டும். மற்றது கால்சியம் ஆக்சலேட். அதை எந்த உணவாலும் கரைக்க முடியாது, எடுக்கத்தான் வேண்டும். ஸ்ட்ரூவைட்டுக்காக மூத்திரத்தை அமிலமாக்கும் உணவை ஆக்சலேட் கல் உள்ள பூனைக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். அதனால் மூத்திரப் பரிசோதனையும் எக்ஸ்ரே படமும் எடுக்காமல், கடைக்காரர் சொன்னார் என்று 'யூரினரி' பாக்கெட்டை வாங்கிப் போடக்கூடாது. அந்தப் பாக்கெட்டோடு தினம் ஒரு மீன் தலையும் போட்டால் வாங்கிய பணம் வீண். தலை எலும்பிலுள்ள மெக்னீசியமும் பாஸ்பரசும் அதன் கணக்கைக் குலைத்துவிடும்.

இரண்டு வகைக்கும் பொதுவான மருந்து தண்ணீர். 4 கிலோ பூனைக்கு உணவிலுள்ள ஈரத்தையும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். உலர் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஈரம் இருக்காது. ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். 50 கிராம் உலர் தீவனத்தில் 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி 20 நிமிடம் ஊறவைத்துக் கொடுக்கலாம். முதல் நாளே அவ்வளவும் ஊற்றினால் பூனை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு ஸ்பூனில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஊறிய தீவனம் சீக்கிரம் புளிக்கும். ஒரு மணி நேரத்தில் தின்னாததை எடுத்துக் கொட்டிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சோற்றுத் தட்டுக்கும் மணல் தட்டுக்கும் தள்ளி, இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

சிறுநீரக நோய்க்கு வருவோம். வயதான பூனைகளில் இது மிகச் சாதாரணம். நாய்களில் எலிக்காய்ச்சலாலும் உண்ணிக் காய்ச்சலாலும் சிறுநீரகம் கெடுவது உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையிலும் நனையும் மாவட்டம் நம்முடையது. எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுவதை எந்தப் பத்தியமும் ஈடுசெய்யாது.

சிறுநீரக நோயை நான்கு நிலையாகப் பிரிக்கிறோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு, 100 மில்லி ரத்தத்தில் நாய்க்கு 1.4, பூனைக்கு 1.6 மில்லிகிராமிலிருந்து 2.8 வரை இருந்தால் இரண்டாம் நிலை. 5 வரை மூன்றாம் நிலை. அதற்கு மேல் நான்காம் நிலை. இரண்டாம் நிலையிலிருந்தே சிறுநீரக உணவுக்கு மாற்றினால் நோய் முற்றுவதைத் தள்ளிப்போட முடிகிறது. இதில் பலரும் புரதத்தைத்தான் எதிரியாக நினைக்கிறார்கள். முதலில் குறைக்க வேண்டியது பாஸ்பரஸ். இரண்டாம் நிலையில் ரத்த பாஸ்பரஸ் 4.6 மில்லிகிராமுக்குள்ளும், மூன்றாம் நிலையில் 5-க்குள்ளும், நான்காம் நிலையில் 6-க்குள்ளும் இருக்க வேண்டும். இறைச்சியை அடியோடு நிறுத்தி வெறும் கஞ்சி ஊற்றினால் பாஸ்பரஸ் குறையும்தான். கூடவே உடம்புச் சதையும் கரைந்து, சிறுநீரகத்துக்கு முன்னால் பிராணியே தளர்ந்துவிடும்.

'சோர்ந்து கிடக்கிறது, ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் எழுந்துவிடும்' என்ற நம்பிக்கை நம்மிடம் உண்டு. சிறுநீரகம் கெட்ட நாய்க்கு எலும்பு சூப், மீன் தலை, பால், ஈரல், கருவாடு எல்லாம் ஆகாது. மீன்பிடித் தடைக்காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பச்சை மீன் குறைந்து பூனைத் தட்டுக்குக் கருவாடு வரும் மாதங்கள் அவை. கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு கொஞ்சம் இறங்கும். எலும்பிலுள்ள பாஸ்பரஸ் இறங்காது. இதய நோயுள்ள பிராணிக்கும் கருவாடு, அப்பளம், ஊறுகாய் பிசைந்த சோறு ஆகாது.

இரண்டு மூன்றாம் நிலையிலுள்ள 10 கிலோ நாய்க்கு, சிறுநீரக உணவு வாங்க வசதியில்லாத வீட்டில், ஒரு நாள் உணவு இப்படி அமையலாம்: குழைய வேகவைத்த வெள்ளைச் சோறு 250 கிராம், தோலில்லாமல் வேகவைத்த கோழி 60 கிராம், அவித்த முட்டையின் வெள்ளைக் கரு ஒன்று, சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. இது 570 கலோரி அளவில் வரும். பாஸ்பரஸ் குறைவு, புரதம் அளவோடு. மூன்று வேளையாகப் பிரித்து, இளஞ்சூட்டில், உப்பில்லாமல் கொடுக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து, பி வைட்டமின்கள், பாஸ்பரஸ் கட்டும் மருந்து ஆகியவற்றை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் சேர்க்க வேண்டும். இவை சேராத வெறும் சோறும் கோழியும் சில வாரத்துக்கு மேல் தாங்காது. கணைய அழற்சியும் சேர்ந்திருந்தால் அந்த ஒரு கரண்டி எண்ணெயும் கூடாது.

எப்போது மாற்றுவது என்பதிலும் தவறு நடக்கிறது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டு, வாந்தியும் குமட்டலுமாகக் கிடக்கும் பூனைக்கு முன்னால் புதுச் சிறுநீரக உணவை வைத்தால், அந்த வாடையையே நோயோடு முடிச்சுப் போட்டு வாழ்நாள் முழுக்க அதைத் தொடாது. குமட்டல் அடங்கிய பிறகு, பழைய உணவில் கால் பங்கு புதிது என்று தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்ற வேண்டும். அந்த உணவில் மாத்திரையைப் பொடித்துக் கலக்காதீர்கள்.

உடல் பருமனை நோய் என்றே பலர் எண்ணுவதில்லை. 'நல்லா கொழு கொழுன்னு இருக்கு' என்பது பாராட்டாகவே சொல்லப்படுகிறது. 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இணை சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை இடைநிலைக் கணக்கில் 13 ஆண்டும், மற்றவை 11.2 ஆண்டும் வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் குறைவாகத் தின்றவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. எந்த டானிக்காலும் கிடைக்காத ஆயுள் இது.

உள்ளங்கையை விலாவில் வைத்துத் தடவினால் எலும்புகள் லேசாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எடை மிஞ்சிவிட்டது. 34 கிலோ லாப்ரடார் 28 கிலோவுக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வர வேண்டிய எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள்; 910 வரும். அதுதான் அந்த நாய்க்கு ஒரு நாளைக்கான கலோரி. சோறு 250 கிராம், தோலில்லாத வேகவைத்த கோழி 200 கிராம், அவித்த முட்டை ஒன்று, உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ், புடலங்காய், மஞ்சள் பூசணி எல்லாம் சேர்த்து 300 கிராம், எண்ணெய் 2 டீஸ்பூன். ஏறக்குறைய 900 கலோரிக்குள் அடங்கும். முட்டை ஓட்டுப் பொடி அரை டீஸ்பூனும் வைட்டமின் கலவையும் சேர வேண்டும். காய்கறி வயிற்றை நிரப்பும். பசியில் வாசலில் நின்று அழுவதைக் குறைக்கும். வீட்டுச் சோறு இல்லாமல் பாக்கெட் தீவனம் என்றால் கப்பால் அளக்காதீர்கள், தராசில் கிராமாக நிறுங்கள். கப்பை ஒருவர் தலைதட்டி எடுப்பார், இன்னொருவர் குவித்து எடுப்பார்.

கணக்கு எங்கே தவறுகிறது என்றால், தட்டுக்கு வெளியே. தேங்காய் துருவும்போது ஓடிவரும் நாய்க்குப் போடும் ஒரு சில்லு 45 கிராம் இருந்தால் 160 கலோரி. பெரிய ஏத்தன்பழம் (நேந்திரம்) ஒன்று 200 கலோரியை எட்டும். இவை இரண்டும் சேர்ந்தே அன்றைய 910-இல் ஐந்தில் இரண்டு பங்கு. அம்மா ஒரு வேளை, தாத்தா ஒரு பிஸ்கட், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஒரு கை மிக்சர் என்று ஆளாளுக்குப் போட்டால் எந்த மருத்துவராலும் அந்த எடையை இறக்க முடியாது. காலையிலேயே ஒரு நாள் உணவை நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்து, யார் எதைக் கொடுத்தாலும் அதிலிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள். வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை பாருங்கள். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடைபோடும் பிளாட்பாரத் தராசு போதும். வாரத்துக்கு எடையில் 1 முதல் 2 சதவீதம் இறங்கினால் சரி. ஒழுங்காகக் கொடுத்தும் எடை அசையாவிட்டால் தைராய்டு பரிசோதனை வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு செய்த நாய், பூனைக்கு முன்பு கொடுத்த அளவில் கால் பங்காவது குறைக்க வேண்டும்.

பூனையை மட்டும் பட்டினி போட்டு இளைக்கவைக்காதீர்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு கல்லீரலில் வந்து குவிந்து மஞ்சள் காமாலை காணும். பலவற்றுக்கு அதுவே முடிவாகிவிடுகிறது. வாரத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் இறங்க வேண்டியதில்லை.

வயிற்றுப்போக்குக்குத் தயிர்சாதம் என்பது வழக்கம். வளர்ந்த நாய்க்கு, சுறுசுறுப்பாக இருந்து ரத்தமில்லாமல் கழிந்தால், குழைய வெந்த பச்சரிசிச் சோறு இரண்டு பங்கும் தோலில்லாத நெஞ்சுக்கறி ஒரு பங்கும் பிசைந்து, நாளுக்கு நான்கைந்து முறை சிறிது சிறிதாக இரண்டு மூன்று நாள் கொடுத்தால் போதும். நாம் சாப்பிடும் சிவப்புச் சம்பா அரிசி அப்போது வேண்டாம். தவிட்டு நார் புண்பட்ட குடலை உறுத்தும். பாலும் வேண்டாம். குட்டி நாய் வாந்தியெடுத்து ரத்தமாகக் கழிந்தால் அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், வீட்டு வைத்தியத்துக்கு ஒரு மணி நேரம்கூடச் செலவிடாதீர்கள்.

கிறிஸ்துமஸ், கல்யாணம், ஞாயிறு விருந்து முடிந்த மறுநாள் முன்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி நின்று முனகும் நாய்க்குப் பெரும்பாலும் கணைய அழற்சி. கறிக் கொழுப்பும் தேங்காய்ப்பால் குழம்பும் காரணம். தேறிய பிறகும் கொழுப்பைக் கணக்கிட்டே கொடுக்க வேண்டும்: தோலில்லாத நெஞ்சுக்கறி 100 கிராமில் கொழுப்பு 4 கிராமுக்குள், தோலோடு தொடைக்கறியில் 15 கிராம், தேங்காயில் 33 கிராம். இந்த மூன்று எண்களைப் பார்த்தாலே எதைத் தள்ளுவது என்று தெரியும். மிச்சக் குழம்பில் இன்னொரு ஆபத்து வெங்காயமும் பூண்டும். அவை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது, பூனைக்குக் கொஞ்சமே போதும். பிரியாணியிலும் பாயசத்திலும் உள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அரிப்பு என்று வரும் நாய்களுக்கெல்லாம் 'கோழியை நிறுத்துங்கள்' என்று சொல்வது சரியல்ல. நம் ஊர் ஈரத்தில் முதல் காரணம் தெள்ளும் உண்ணியும் பூஞ்சையும். அவற்றை முழுதாக ஒழித்த பிறகும், மழையா வெயிலா என்று பாராமல் ஆண்டு முழுதும் அரிப்பும் காதுச் சீழும் தொடர்ந்தால் உணவைச் சந்தேகிக்கலாம். ரத்தத்திலும் எச்சிலிலும் செய்யும் உணவு ஒவ்வாமைப் பரிசோதனைகளை நம்ப முடியாது. நம்பத்தக்க வழி நீக்கல் உணவு ஒன்றுதான். நாய் இதுவரை தொட்டேயிராத ஒரு இறைச்சி, ஒரு மாவுப்பொருள், வேறெதுவும் இல்லாமல் குறைந்தது 8 வாரம். கோழி, மீன், மாட்டிறைச்சி எல்லாம் தின்று வளர்ந்த 10 கிலோ நாய்க்குக் கொழுப்பு நீக்கி நன்றாக வேகவைத்த பன்றியிறைச்சி 200 கிராமும் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) 150 கிராமும் ஒரு நாளைக்குப் போதும். மரச்சீனியைத் தோல் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கிலுள்ள சயனைடு நஞ்சு அப்போதுதான் போகும். கசக்கும் கிழங்கை எறிந்துவிடுங்கள்.

மூன்றாம் வாரத்தில் 'ஒன்றும் தெரியவில்லையே' என்று பாதியில் விடுவதுதான் இதில் பெரிய தோல்வி. வயிற்றுக் கோளாறு மூன்று வாரத்தில் அடங்கும்; தோலுக்கு எட்டு வாரம் வேண்டும். இடையில் ஒரு பிஸ்கட் விழுந்தாலும், இறைச்சிச் சுவையூட்டிய மெல்லும் பூச்சி மாத்திரை போட்டாலும் சோதனை கெட்டுவிடும். அரிப்பு நின்றதும் வேலை முடியவில்லை. பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால்தான் உணவு ஒவ்வாமை என்பது உறுதி. பிறகு கோழி, முட்டை, கோதுமை, பால் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சர்க்கரை நோயில் ஒரே ஒரு எச்சரிக்கை. பூனைக்குச் சோற்றை நிறுத்தி இறைச்சிக்கு மாற்றினால் சர்க்கரை வேகமாக இறங்கும். சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமலும் போகும். ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் உணவை மாற்றிவிட்டுப் பழைய அளவிலேயே ஊசி போட்டால் சர்க்கரை அடியோடு இறங்கி வலிப்பு வரும். அப்போது ஈறில் தேன் அல்லது குளுக்கோஸ் தடவிக்கொண்டே கொண்டுவர வேண்டும். நாய்க்குப் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் இன்சுலின் வேண்டும். 12 மணி நேர இடைவெளியில் இரு வேளை, அதே உணவு, அதே அளவு. சாப்பிடாத வேளையில் முழு ஊசி போடக்கூடாது.

பெரிய இனக் குட்டிகளுக்கும் ஒரு சொல். வெறும் சோறும் இறைச்சியும் தின்னும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து போதாமல் கால் வளையும், எலும்பு தானே முறியும். பாக்கெட் குட்டித் தீவனம் தின்னும் குட்டிக்கு அதற்கு மேல் கால்சியம் சிரப் ஊற்றினால் எலும்பு வளர்ச்சி வேறு விதமாகக் கெடும். முதலாவதற்குக் கால்சியம் கட்டாயம், இரண்டாவதற்குக் கூடவே கூடாது.

எனவே எங்கள் கோரிக்கை இவை. மருத்துவமனைக்கு வரும்போது மூன்று நாள் பிராணி தின்றதையெல்லாம், பிஸ்கட்டும் தேங்காய்ச் சில்லும் உட்பட, ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். தீவனப் பாக்கெட்டின் பின்பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து வாருங்கள். சீட்டில் உணவின் பெயர், கிராம், வேளை, கூடாதவை, அடுத்த எடை பார்க்கும் தேதி, மறுபரிசோதனை எப்போது என்ற ஆறும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேளுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை, திருநெல்வேலி இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் துணையோடு, சாளை, சூரை, மரச்சீனி, சம்பா அரிசி, தேங்காய் என்று குமரி மாவட்ட உணவுகளுக்கான கலோரி, பாஸ்பரஸ், கொழுப்பு அளவுகளைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் ஒட்ட வேண்டும். தங்கள் நாளிதழ் வாரம் ஒரு நோயாக எடுத்து இந்த அளவுகளை வெளியிட இடம் தந்தால், எழுதித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம். முதல் வாரத்துக்கு ஆண் பூனையின் மூத்திர அடைப்பை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்கள் சிலர்,
கன்னியாகுமரி மாவட்டம்.